அப்பாவுக்கு வேலை போனது. மகள் தொழில் உறவுகள் படிக்க விரும்புகிறாள்: ஆன்லைன் ‘மைனர்’ கைகொடுக்குமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். வயது 19. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். அவருடைய அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தவர். 14 மாதங்களுக்கு முன் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தொகையைக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அவர் ஒரு வெல்டிங் பட்டறையில் நாள் கூலிக்குப் போகிறார்.

“அப்பா அந்தத் தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. அது நியாயமா என்று சொல்லத்தான் தெரியவில்லை. அதற்காகவே தொழில் உறவுகளை மைனராக எடுத்துப் படிக்க நினைக்கிறேன்” என்று எழுதியிருக்கிறார். தொழில் உறவுகள் என்பது நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையிலான உறவைப் பற்றிய பாடம்; மைனர் என்பது பட்டத்தின் முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடப் பிரிவு. கல்லூரியில் அந்தப் பெயரில் மைனர் இல்லை. ஒரு தனியார் நிறுவனம் ‘ஆறு மாத ஆன்லைன் மைனர், 42,000 ரூபாய், எச்.ஆர். வேலை உறுதி’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பியிருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகன், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைனில் சேரச் சொல்கிறார். அப்பாவோ, “கொடி பிடிக்கிற படிப்பு நமக்கு எதுக்கு, கம்ப்யூட்டர் படி” என்கிறார். எதைக் கேட்பது? ஆன்லைனில் படித்தது செல்லுமா? இதைப் படித்தால் லேபர் ஆபீசர் ஆகலாமா? அப்பாவின் வழக்கைத் தானே நடத்த முடியுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வக்கீலாக கடலூர்-புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல வருடமாகப் போய் வருகிறேன். இந்தப் பாடத்தை வீட்டுக்குள் நடந்த ஒரு காரியத்திலிருந்து தேடிக்கொண்டு வருகிறவர்கள் நன்றாகப் படிப்பார்கள் என்பது என் அனுபவம். அதனால் படிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாகப் படியுங்கள் என்பதுதான். எங்கே, எப்படி, எவ்வளவு செலவில் என்பதில்தான் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. இன்னொன்று, உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு தேதி இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் அழுத்தியே சொல்லப்போகிறேன்.

மைனரை யார் கொடுக்க முடியும்?

முதலில் அந்த 42,000 ரூபாய். தயவுசெய்து கட்ட வேண்டாம். மைனர் என்பது உங்கள் பட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதி. பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம்தான் அதையும் கொடுக்க முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022-ல் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி). அதில் மைனருக்கு 24. நான்கு ஆண்டு என்றால் 160-ல் 32. அந்த 24 கிரெடிட் உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏற வேண்டும். வெளியே ஒரு கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. அதை மைனர் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதே தவறு. ‘வேலை உறுதி’ என்பதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள்.

உங்கள் கல்லூரியில் அந்தப் பெயரில் மைனர் இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பெயரை விட்டுவிடுங்கள். பொருளாதாரம், சமூகவியல், பொது நிர்வாகம் என்று கல்லூரி தருகிற மைனர்களில் இதற்கு மிக நெருக்கமானதை எடுத்துக்கொண்டு, அதற்குள் தொழிலாளர் தொடர்பான பாடங்களை மத்திய அரசின் ஆன்லைன் கல்வித் தளமான ஸ்வயம் வழியாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பி.காம். படிக்கிறவருக்கு நான் பொருளாதாரத்தைத்தான் சொல்வேன். சம்பளப் பேச்சுவார்த்தையில் உட்காருகிறவருக்கு பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்திருப்பது பெரிய பலம். ‘கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது’ என்று நிர்வாகம் சொல்லும்போது, அது எந்த வகை நஷ்டம் என்று திருப்பிக் கேட்க சங்கத்தின் பக்கம் பெரும்பாலும் ஆள் இருக்காது. அந்த ஆளாக நீங்கள் ஆக முடியும்.

ஆன்லைனில் படித்தது செல்லுமா?

செல்லும், சரியான வாசல் வழியாக நுழைந்தால். ஸ்வயம் பாடங்களுக்கென்று யு.ஜி.சி. 2021-ல் போட்ட விதிமுறைப்படி, ஒரு செமஸ்டரில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை அங்கே படித்து, கிரெடிட்டை உங்கள் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். படிக்கக் கட்டணம் இல்லை. மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

பிள்ளைகள் தவறு செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. ஆசையாகப் பாடத்தில் சேர்ந்து, தேர்வும் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு, அப்புறம் கல்லூரியில் போய் ‘இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று நிற்பார்கள். முன்கூட்டியே கல்லூரி அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். எனவே சேரும் முன்பே துறைத் தலைவரிடமும், கல்லூரியில் ஸ்வயத்துக்குப் பொறுப்பாக இருப்பவரிடமும் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்குங்கள். வாய் வார்த்தை போதாது. டிஜிலாக்கர் வழியாக அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கு திறந்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட் அங்கேதான் போய்ச் சேரும்.

இதைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. 2022 முதல் ஒரே சமயத்தில் இரண்டு படிப்புகள் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. கல்லூரிக்கு நேரில் போய் ஒன்று, தொலைநிலையிலோ ஆன்லைனிலோ இன்னொன்று. அந்த இரண்டாவது படிப்பை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கே யு.ஜி.சி.யின் அனுமதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தினமும் இரண்டு பஸ் பயணம் செய்கிற உங்களுக்கு இப்போதே அந்தச் சுமை வேண்டாம் என்பது என் எண்ணம்.

உங்கள் அத்தை மகன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் இது பழைய படிப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே 1945-ல் தனிப் பள்ளி தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் கற்றுத்தருவது அவர்களுடைய சட்டத்தை. 1935-ல் வந்த அவர்களின் சட்டப்படி, ஓட்டெடுப்பில் பெரும்பான்மை பெற்ற சங்கம் மட்டும்தான் அந்தப் பிரிவில் உள்ள எல்லாருக்காகவும் பேசும். நம் நாட்டில் ஒரே ஆலையில் நான்கைந்து சங்கம் இருப்பது சாதாரணம். எந்தச் சங்கத்தோடு பேச வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் பொதுவான மத்தியச் சட்டம் அண்மைக்காலம் வரை இங்கே இல்லை. டாலரில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு வந்தாலும் அந்தக் கிரெடிட் உங்கள் பி.காம்.-ல் தானாகச் சேராது. இலவசமாகக் கிடைக்கும் விரிவுரைகளைக் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது நல்லது, அதற்கு மேல் வேண்டாம்.

சட்டம் மாறியிருக்கிறது, பாடம் மாறியிருக்கிறதா?

எந்தப் பாடத்தில் சேர்ந்தாலும் முதலில் இதைப் பாருங்கள். 29 தொழிலாளர் சட்டங்களைத் திரட்டி உருவாக்கிய நான்கு சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. 1926-ன் தொழிற்சங்கச் சட்டம், 1946-ன் நிலையாணைகள் (ஆலையின் வேலை விதிகள்) சட்டம், 1947-ன் தொழில் தகராறு சட்டம் மூன்றும் இப்போது தொழில் உறவுகள் தொகுப்புக்குள் இருக்கின்றன. ஆன்லைன் பாடங்களின் வீடியோக்கள் பல அதற்கு முன்பே எடுக்கப்பட்டவை.

வித்தியாசம் சின்னது அல்ல. ஆட்குறைப்புக்கோ மூடலுக்கோ அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கு. இப்போது 300 பேர் இருந்தால்தான். எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கம் ஆகும். குறித்த காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கில் வரும். பழைய பாடத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எழுபது வருடத் தீர்ப்புகள் பழைய சட்டத்தின்மேல்தான் நிற்கின்றன, அவை தெரியாமல் புதியது விளங்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் பழைய பிரிவு, வலது பக்கம் புதிய பிரிவு என்று எழுதுங்கள். என் ஜூனியர்களை நான் அப்படித்தான் எழுத வைக்கிறேன்.

இடத்துக்கு இடம் சட்டம் மாறும் என்பதும் உங்களுக்குப் பாடப் புத்தகம் இல்லாமலே விளங்கும். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்று 1981-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கடலூர் சிப்காட்டில் அதைச் சொல்லி வாதாடலாம். முள்ளோடையைத் தாண்டி சேதராப்பட்டில் ஒரு தொழிலாளிக்காக அதைச் சொல்ல முடியாது. நீங்கள் தினமும் போகிற பஸ் முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில்லைக் கடந்துதானே போகிறது? 2020-ல் மூடிய மில் அது. இந்தப் புதுச்சேரி மில்களில்தான் 8 மணி நேர வேலை கேட்டுப் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே 8 மணி நேர வேலை இங்கே சட்டமானது. அதே சமயம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கடலூர்ப் பக்கம் 1934-ன் தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, நடுவில் ஓர் எல்லை. இரண்டு மணி நேர வித்தியாசம். தொழில் உறவுகள் என்ற பாடம் எனக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதைப் படித்தால் என்ன வேலை?

மைனரை மட்டும் வைத்துக்கொண்டு லேபர் ஆபீசர் ஆக முடியாது. தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலர் பதவிக்கு, அரசு ஏற்றுக்கொண்ட தொழிலாளர் நலம் அல்லது சமூகப் பணி சார்ந்த தனிப் பட்டமோ பட்டயமோ கேட்பார்கள். பழைய தொழிற்சாலைச் சட்டப்படி 500 தொழிலாளர் இருந்தால்தான் நல அலுவலர் கட்டாயம். புதிய தொகுப்பில் அது 250. ஆகவே இனி அந்தப் பதவி கூடுதல் இடங்களில் இருக்கும். அதுதான் உங்கள் குறி என்றால் பி.காம். முடித்த பிறகு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுநிலைப் படிப்பு) போகலாம், அல்லது சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்தும் தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மை படிக்கலாம். வக்கீலாக விருப்பம் என்றால் காலாப்பட்டிலும் விழுப்புரத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. வக்கீலாவதற்கான சட்டப் பட்டத்தை ஆன்லைனில் யாராவது விற்றால் நம்பாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.

அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். இது கொடி பிடிக்கிறவருக்கு மட்டுமான படிப்பு அல்ல. நிர்வாகத்தின் எச்.ஆர். பிரிவும், அரசின் தொழிலாளர் துறையும், சங்கமும், வக்கீலும் படிக்கிற ஒரே பாடம் இது. அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பட்டவர் அவர். அந்தப் பயத்தை எதிர்த்துப் பேசாமல், பக்கத்தில் உட்காரவைத்து, ஷிப்ட் எப்படிப் போட்டார்கள், ஓ.டி. எப்படிக் கணக்குப் பார்த்தார்கள், கான்ட்ராக்டர் எத்தனை முறை மாறினார் என்று கேளுங்கள். எந்த வீடியோவும் இதைச் சொல்லித்தராது.

ஆன்லைனில் கிடைக்காத பாதியைப் பற்றியும் சொல்கிறேன். சமரசப் பேச்சு நடக்கும் அறையில் ஒரு மேஜை, சுற்றி ஏழெட்டு நாற்காலி இருக்கும். நிர்வாகத் தரப்பில் வருகிறவரின் ஃபைலில் எந்தத் தாள் எங்கே என்று கலர் கலராகச் சீட்டு ஒட்டியிருக்கும். தொழிலாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் ஒரு மஞ்சள் பையை இறுகப் பிடித்திருப்பார். அப்படி வந்த ஒருவரை, ‘எங்கள் பதிவேட்டில் இவர் பெயரே இல்லை’ என்று நிர்வாகம் ஒரேயடியாக மறுத்தது. அவருடைய மனைவி கேன்டீன் டோக்கனின் அடிக்கட்டைகளை ஒரு பழைய பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் தேதி முத்திரை. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் தொடர்ச்சியான பணி என்று சட்டம் கணக்கிடும். அந்த அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து மாதவாரியாக அடுக்கி எண்ணினோம், 251 வந்தது. அதன் பிறகுதான் எதிர்த்தரப்பு பேசவே இறங்கி வந்தது.

உங்கள் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் உண்டு. அதை ஒரு தொழிலாளர் வக்கீலிடமோ சங்க அலுவலகத்திலோ செய்யுங்கள். முடிந்தால் இன்னொரு விடுமுறையில் ஓர் ஆலையின் எச்.ஆர். பிரிவிலும் இருந்து பாருங்கள். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவருக்கு மற்றவர் என்ன கேட்பார் என்பது முன்கூட்டியே தெரியும்.

அப்பாவின் விஷயம்: இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள்

நீங்கள் படித்து முடித்து அப்பாவுக்காக வாதாட நினைக்கிறீர்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனால் அதுவரை காலக்கெடு இருக்காது. பணிநீக்கத் தகராறைக் கொண்டுபோக பழைய சட்டம் மூன்று ஆண்டு தந்தது. புதிய தொகுப்பு இரண்டு ஆண்டாகக் குறைத்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்ற வாதத்துக்குள் போகவே வேண்டாம். குறைந்த கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 14 மாதம் போய்விட்டது, அப்படிப் பார்த்தால் மிச்சம் இருப்பது 10 மாதம். இந்த மாதமே கடலூரில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுத்துவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியாகிவிட்டதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரிடம் கேட்டில் நிற்கவைத்து வாங்கிய கையெழுத்து எந்தச் சூழலில் போடப்பட்டது என்பதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்லலாம். நடுவில் கான்ட்ராக்டர் இருப்பதால் வழக்கு கொஞ்சம் சிக்கலாகும். நிச்சயம் ஜெயிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கேட்காமல் விடுகிற வழக்கு அல்ல இது.

அவருக்காக ஆஜராக உங்களால் முடியாது. தொழிலாளர் தகராறில் தொழிலாளிக்காக சங்க நிர்வாகி பேசலாம். வக்கீல் வருவதற்கே எதிர்த்தரப்பின் சம்மதமும் மன்றத்தின் அனுமதியும் வேண்டும். வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

உங்களால் செய்ய முடிந்த வேலை நிறைய இருக்கிறது, அதுவும் இன்று ராத்திரியே. அப்பாவின் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வைத்து பி.எஃப். பாஸ்புக்கை டவுன்லோட் செய்யுங்கள். எந்த மாதம் எந்த கான்ட்ராக்டரின் பெயரில் பணம் கட்டப்பட்டது என்பது அதில் வரிசையாக இருக்கும். இ.எஸ்.ஐ. அட்டை, கேட் பாஸ், பழைய அடையாள அட்டை, சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட், தீபாவளி போனஸ் வாங்கிய சீட்டு எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரை அப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தாளை எடுத்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, மூன்று ஜெராக்ஸ் போடுங்கள். மூலத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னைப் போன்ற வக்கீல் கேட்டாலும் ஜெராக்ஸைக் கொடுங்கள்.